கள்ளக் கொப்பியும் கைத்தொலைபேசியும்



சில வாரங்களுக்கு முன்னர் ஸ்காபரோவிலிருந்து ஒரு தாயார் எமது நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை செய்பவர். "தம்பி, என்ர மகன் 'மொட்' எண்டு ஏதோ ஒண்டை இறக்கி விளையாடுறான். காசு கட்ட வேண்டிய இடமெல்லாம் சும்மா திறக்குதாம். அது களவோ? பொலிஸ் கிலிஸ் வருமோ?" என்று கேட்டார். ஒலிபரப்பில் மிஞ்சியிருந்த இரண்டு நிமிடத்துக்குள் என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. பாட்டைப் போட்டுவிட்டுத் தப்பிக்கொண்டேன். அந்தப் பதிலைத்தான் இம்மாதப் பேச்சில் சொல்லப் பார்க்கிறேன். அதற்குக் கைத்தொலைபேசி வருவதற்கு முந்திய காலத்திலிருந்து வரவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'மொட்' என்பது என்ன? ஒரு நிறுவனம் செய்த விளையாட்டை மூன்றாம் ஆள் ஒருவர் திறந்து, உள்ளே சிலவற்றை மாற்றி, மறுபடி மூடி, தன் பாட்டுக்கு வெளியே விடுவது. காசு கொடுத்து வாங்க வேண்டிய வாள், கார், இரத்தினக்கல் எல்லாம் அதில் சும்மா கிடைக்கும். விளம்பரங்கள் இருக்காது. உயிர் குறையாது.

கள்ளக் கொப்பி எங்கள் சனத்துக்குப் புதிய விடயம் அல்ல. எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்களுக்குத் தமிழ்க் கடையின் ஒளிநாடாத் தட்டு நினைவிருக்கும். அரிசி மூட்டைக்கும் மரக்கறிப் பெட்டிக்கும் பின்னால், கையால் பெயர் எழுதி ஒட்டிய நாடாக்கள். கொப்பியின் கொப்பியின் கொப்பி. கதாநாயகியின் சேலை நிறம் அவள் உடம்பை விட்டு ஒரு அங்குலம் தள்ளி நிற்கும். அதை யாரும் களவு என்று எண்ணவில்லை. வேறு வழியும் இருக்கவில்லை. அந்த நாடாவால் படம் எடுத்தவருக்கு நட்டம் வந்திருக்கும், எங்களுக்கு வந்த நட்டம் கண் நோவு மட்டும்தான். நாங்கள் நாடாவைப் பார்த்தோம். நாடா எங்களைப் பார்க்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

விளையாட்டில் குறுக்கு வழி வைத்தவர்கள் முதலில் விளையாட்டைச் செய்தவர்களேதான். யப்பானின் கொனாமி நிறுவனத்தில் கசுஹிசா ஹஷிமோட்டோ என்ற ஒருவர் 'கிரேடியஸ்' என்ற விளையாட்டை நின்ரெண்டோ பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அதைப் பரிசோதித்துப் பார்க்க அவராலேயே கடைசி வரை விளையாட முடியவில்லை; அவ்வளவு கடினம். ஆகவே மேல், மேல், கீழ், கீழ் என்று தொடங்கும் ஒரு பொத்தான் வரிசையைத் தனக்காக உள்ளே வைத்தார். 1986இல் விளையாட்டு வெளிவந்தபோது அந்த வரிசையும் அதற்குள்ளேயே இருந்துவிட்டது. பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். அது பள்ளிக்கூட முற்றங்களில் வாய்வழியாகப் பரவியது.

அடுத்து வந்தது சற்று வில்லங்கமான சாமான். இங்கிலாந்தின் கோட்மாஸ்ரர்ஸ் நிறுவனம் 'கேம் ஜீனி' என்ற ஒரு சின்னக் கருவியைச் செய்தது. விளையாட்டுக் கசெற்றுக்கும் பெட்டிக்கும் நடுவில் அதைச் செருகவேண்டும். ஒரு குறியீட்டை எழுதினால், விளையாட்டு ஓடும்போது அதில் ஒரு எண் மட்டும் மாறும். மூன்று உயிர் ஒன்பது உயிராகும். அமெரிக்காவில் விற்க முன்வந்தது கலூப் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனம். கனடாவில் விற்றது கமெரிக்கா. நின்ரெண்டோ இரு நாடுகளிலும் வழக்குப் போட்டது. அமெரிக்காவில் 1990இல் இடைக்காலத் தடை கிடைத்தது. கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றமோ 1991இல் தடை தர மறுத்தது. ஆகவே தெற்கே தடையிலிருந்த கருவியை இங்கே கடையில் வாங்கக்கூடியதாக இருந்தது. பிறகு அமெரிக்காவிலும் கலூப் வென்றது. 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. தடையால் ஏற்பட்ட நட்டத்துக்காக நின்ரெண்டோ 15 மில்லியன் டொலர் கொடுக்க வேண்டியதாயிற்று.

நீதிமன்றத்தின் நியாயம் கவனிக்கத்தக்கது. அந்தக் கருவி விளையாட்டைக் கொப்பி அடிக்கவில்லை. கருவியைக் கழற்றினால் கசெற் பழையபடியே இருக்கும். காசு கொடுத்து வாங்கியவர் தன் வீட்டுக்குள் தான் விரும்பியபடி விளையாடுகிறார், அவ்வளவுதான். நான் அந்தத் தீர்ப்போடு உடன்படுகிறேன். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தப் பெட்டிக்குள் விளையாட்டைத் தவிர எதுவும் இல்லை. வங்கிப் புத்தகம் இல்லை, கடிதம் இல்லை, கமரா இல்லை. ஏதும் பிழைத்தால் படம் உறைந்து நிற்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் சரி.

மாற்றுவது என்றாலே குற்றம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். 1998இல் வால்வ் நிறுவனத்தின் 'ஹாஃப் லைஃப்' வெளிவந்தது. அதை மாற்றி 1999இல் 'கவுண்டர் ஸ்ட்ரைக்' என்ற விளையாட்டை இருவர் சேர்ந்து செய்தார்கள். ஒருவர் மின் லீ, வியட்நாமிய வம்சாவளிக் கனடியர். அப்போது அவர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சைமன் பிரேசர் பல்கலைக்கழக மாணவன். மற்றவர் அமெரிக்கரான ஜெஸ் கிளிஃப். அடுத்த வருடமே வால்வ் நிறுவனம் அந்த விளையாட்டின் உரிமையை வாங்கி இருவரையும் வேலைக்கு எடுத்தது. மாற்றுவதற்கான கருவிகளை நிறுவனமே திறந்து கொடுத்திருந்தது. செய்தவர்கள் தங்கள் பெயரைப் போட்டுச் செய்தார்கள். விளையாட விரும்பியவர் மூல விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியிருக்கவும் வேண்டும். பெயரில்லாமல், முகமில்லாமல் வரும் மொட்டோடு இதை ஒன்றாக வைக்க முடியாது.

இனிக் கைத்தொலைபேசிக்கு வருவோம். 1997இல் நொக்கியா 6110இல் பாம்பு விளையாட்டு வந்தது. அது தொலைபேசியோடு ஒட்டியே வந்தது, மாற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. 2000க்குப் பின்னர்தான் வெளியிலிருந்து விளையாட்டை இறக்கிப் போடக்கூடிய தொலைபேசிகள் பரவின. 2004 ஓகஸ்ட்டில் ஒரு சம்பவம் வெளிவந்தது. ஜேர்மனியின் ஓஜம் நிறுவனம் 'மொஸ்கிற்றோஸ்' என்றொரு நுளம்பு அடிக்கும் விளையாட்டைச் செய்திருந்தது. தொலைபேசிக் கமராவில் தெரியும் உங்கள் வீட்டுச் சுவரிலேயே நுளம்பு பறக்கும், நீங்கள் அடிக்க வேண்டும். பூட்டு உடைக்கப்பட்ட கள்ளக் கொப்பியை இறக்கி விளையாடியவர்களின் தொலைபேசிகள், அவர்களுக்குத் தெரியாமல், கூடிய கட்டண இலக்கங்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தன.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தக் குறுஞ்செய்தி வேலையை உள்ளே வைத்தது பூட்டை உடைத்தவர் அல்ல, விளையாட்டைச் செய்த நிறுவனமேதான். கள்ளக் கொப்பியைப் பிடிப்பதற்கான பொறியாக முதற் பதிப்பில் வைத்தார்கள், பிறகு எடுத்துவிட்டார்கள். ஆனால் உடைக்கப்பட்ட பழைய கொப்பி கையிலிருந்து கைக்குப் போய்க்கொண்டே இருந்தது. வேடிக்கையோ வில்லங்கமோ, நான் அறிந்தவரையில் விளையாட்டின் கள்ளக் கொப்பி ஒன்று விளையாடியவரின் சட்டைப்பைக்குள் கை வைத்த ஆரம்பச் சம்பவங்களில் இது ஒன்று. தொலைபேசி என்பது காசு செலவழிக்கக்கூடிய பெட்டி. நின்ரெண்டோ பெட்டிக்கு அந்தச் சக்தி இருக்கவில்லை.

பின்னர் அன்ட்ரொயிட் வந்தது. ஒரு மொட் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை இங்கே சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் ஆபத்து அந்தச் செய்முறைக்குள்ளேயே இருக்கிறது. அன்ட்ரொயிட் விளையாட்டு ஒரு பொதி. அவிழ்த்துப் பார்க்கலாம். அதைச் செய்த நிறுவனம் பொதியின் மேல் கணனிக் கையொப்பம் ஒன்றை வைத்திருக்கும். ஊரில் காணி உறுதியை நினைத்துக்கொள்ளுங்கள். நொத்தாரிசு கையொப்பமும் முத்திரையும் வைத்த உறுதியில் இரண்டு பரப்பை நான்கு பரப்பாகத் திருத்தினால் அந்த உறுதி செல்லாது. புது உறுதி எழுதி வேறொருவர்தான் கையொப்பம் வைக்க வேண்டும். மொட் செய்பவர் அதைத்தான் செய்கிறார். மூல நிறுவனத்தின் கையொப்பம் அவரிடம் இல்லாததால் தன்னுடையதை வைக்கிறார். அதனால்தான் உண்மையான விளையாட்டை அழித்துவிட்டு மொட்டைப் போடும்படி பிள்ளைகளிடம் சொல்லுவார்கள். கையொப்பம் மாறியிருப்பதைத் தொலைபேசி கண்டுபிடித்து, பழையதன் மேல் புதியதை ஏற்க மறுத்துவிடும்.

பொதியை அவிழ்த்தவர் இரத்தினக்கல் எண்ணிக்கையை மட்டும் மாற்றினாரா, அல்லது வேறெதையும் உள்ளே செருகிக் கட்டினாரா? வெளியே இருந்து பார்க்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 2010 டிசெம்பரில் 'கைனிமி' என்ற நச்சு நிரல் இப்படித்தான் பிடிபட்டது. சீனாவின் மூன்றாம் தரப்புச் செயலிச் சந்தைகளில் கிடைத்த விளையாட்டுகளை அவிழ்த்து, அதைச் செருகி, மறுபடி கட்டியிருந்தார்கள். விளையாட்டு ஒழுங்காக ஓடியது. பின்னால் அது தொலைபேசி இருக்கும் இடத்தையும் அதன் அடையாள இலக்கங்களையும் தூரத்துக் கணனி ஒன்றுக்கு அனுப்பியது.

இப்படி எல்லாம் இருந்தும் பிள்ளைகள் ஏன் மொட்டுக்குப் போகிறார்கள்? இங்கே நான் பிள்ளைகளின் பக்கம் நிற்கிறேன். 2009 ஒக்ரோபரில் அப்பிள் நிறுவனம் இலவச விளையாட்டுகளுக்கு உள்ளே காசு வாங்க அனுமதித்தது. அதற்குப் பின்னர் விளையாட்டின் வடிவமே மாறிப்போயிற்று. வாசலில் இலவசம், உள்ளே ஒவ்வொரு அறைக்கும் காசு. ஒரு கட்டடம் எழும்ப இரண்டு நாள் காத்திருக்க வேண்டும், அல்லது கல் வாங்க வேண்டும். பொறுமையில்லாத வயதைப் பார்த்தே செய்த வேலை இது. பிள்ளைகள் பெற்றோரின் அனுமதியில்லாமல் வாங்கியவற்றுக்காக அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2014இல் அப்பிளிடமிருந்து குறைந்தது 32.5 மில்லியன் டொலரும், கூகிளிடமிருந்து 19 மில்லியனும் பெற்றோருக்குத் திருப்பிக் கொடுக்க வைத்தது. ஒருவன் இரண்டு வேலை செய்யும் தாயிடம் பத்து டொலர் கேட்கக் கூச்சப்பட்டு மொட்டைத் தேடுகிறான் என்றால், அவனைக் கள்ளன் என்று நான் சொல்லமாட்டேன். வகுப்பில் மற்றவர்களிடம் இருக்கிறது, அவனிடம் இல்லை. அந்த உணர்வு எங்களில் பலருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் அவனுக்குக் கிடைப்பது அவன் நினைப்பதும் இல்லை. பின்லாந்தின் சுப்பர்செல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட 'கிளாஷ் ஒஃப் கிளான்ஸ்' விளையாட்டில் கற்களின் கணக்கு பிள்ளையின் தொலைபேசியில் இல்லை, நிறுவனத்தின் கணனியில் இருக்கிறது. தொலைபேசியில் எதை மாற்றினாலும் அந்தக் கணக்கு மாறாது. 'எண்ணற்ற கல்' தருகிறோம் என்று வரும் மொட்டுகள் உண்மையான ஊருக்குப் போவதே இல்லை, வேறொருவர் நடத்தும் தனிக் கணனிக்குப் போகின்றன. நாடக மேடையில் வரைந்த மாளிகை போல. அங்கே அவன் அரசன், ஆனால் அவனுடைய வகுப்பு நண்பர்கள் அங்கே இல்லை.

2014 பெப்ரவரியில் வியட்நாமைச் சேர்ந்த டொங் நுயென் தனது 'ஃபிளாப்பி பேர்ட்' விளையாட்டைக் கடையிலிருந்து எடுத்தார். சில நாட்களுக்குள் அதே குருவி, அதே பச்சைக் குழாய் என்று கொப்பிகள் வந்தன; அவற்றில் சில கட்டணக் குறுஞ்செய்தி அனுப்பின. இல்லாத இடத்தில்தான் கள்ளக் கொப்பி விலைப்படும். 2016இல் இது எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. 'போக்கிமொன் கோ' ஜூலை முதல் வாரத்தில் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளியானது. ஜேர்மனிக்கு 13ஆம் திகதி, பிரித்தானியாவுக்கு 14ஆம் திகதி. கனடாவுக்கு 17ஆம் திகதி வரை வரவில்லை. எங்கள் பிள்ளைகளின் நிலையை யோசியுங்கள். சிட்னியில் இருக்கும் மச்சான்மார் பிடித்துப் படம் அனுப்புகிறார்கள், இங்கே வெறும் கையோடு பத்து நாள் இருக்கவேண்டும். கடைக்கு வெளியே கிடைக்கும் கொப்பியை எப்படிப் போடுவது என்று செய்தி நிறுவனங்கள்கூடச் சொல்லிக்கொடுத்தன.

அதே ஜூலை 7ஆம் திகதி புரூஃப்பொயின்ற் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு மாற்றப்பட்ட கொப்பியை அறிவித்தது. உள்ளே 'டிரொய்ட்ஜாக்' என்ற ஒற்றுக் கருவி இருந்தது. விளையாட்டு வெளியாகி 72 மணித்தியாலம் ஆகுமுன்னரே அந்தக் கோப்பு நச்சுக் கோப்புகளைச் சேகரிக்கும் களஞ்சியம் ஒன்றில் ஏறியிருந்தது. தொடக்கத் திரை உண்மையானதைப் போலவே இருந்தது. குறுஞ்செய்தியை வாசிக்க, ஒலியைப் பதிவுசெய்ய, தொடர்பு இலக்கங்களைப் பார்க்க அது அனுமதி கேட்டது. அது பரவலாகப் பரவியதாக அவர்கள் சொல்லவில்லை. ஆனால் குறுஞ்செய்தியை வாசிப்பது என்றால் என்னவென்று நினைத்துப் பாருங்கள். வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் எங்கே வருகிறது?

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2018 இலையுதிர் காலம். மகனுக்குப் பதினொரு வயது. எல்லாக் காரும் திறந்த ஓட்டப் பந்தய மொட் ஒன்றை அவன் தன் அப்பம்மாவின் தொலைபேசியில் போட்டான். தன்னுடையதில் இடமில்லையாம். இரண்டு நாளில் தொலைபேசி சூடேறியது. விளையாட்டு மூடியிருந்தாலும் திரை முழுக்க விளம்பரம் வந்தது. நடுச்சாமத்தில் அம்மாவின் தலைமாட்டில் யாரோ பெண் கத்தினாள். திருத்தும் கடைக்குக் கொண்டு போனேன். எல்லாவற்றையும் துடைத்துப் புதிதுபோல ஆக்குவதுதான் சுகம் என்றார் அங்கிருந்த பையன். சரி, துடையும் என்றேன்.

அந்த வருடச் சித்திரையில்தான் கரவெட்டியில் பெரியம்மா காலமானார். அதற்கு முந்திய இரண்டு வருடமும் அவர் அநேகமான காலைகளில் வட்ஸ்அப்பில் அம்மாவுக்குக் குரற்செய்தி அனுப்புவார். மழை பெய்ததா, யாருக்குக் கலியாணம், முருங்கை காய்த்ததா என்று. தொலைபேசி திரும்பி வந்ததும் அம்மா கேட்டார், "அக்கான்ர குரல் எங்க தம்பி?" வேறெங்கும் சேமித்து வைக்கும்படி நான் அதை ஒழுங்கு செய்திருக்கவில்லை. மகன் அழுதான். அவனை ஏச எனக்கு வாய் வரவில்லை. துடையும் என்று சொன்னவன் நான்.

பிற்பாடு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 ஓகஸ்ட்டில் எபிக் நிறுவனம், கடைக்காரரான கூகிளுக்குத் தரகு கொடுக்க விரும்பாமல், 'ஃபோர்ட்நைட்' விளையாட்டைத் தன் இணையத்தளத்திலிருந்தே இறக்கச் சொன்னது. வெளியிலிருந்து வருவதை ஏற்கும் பூட்டைத் திறக்கும்படி உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய நிறுவனமே பழக்கிவிட்டது. அதே மாதம் அவர்களுடைய இறக்கும் கருவியில் ஓர் ஓட்டையைக் கூகிள் கண்டுபிடித்துச் சொன்னது. எபிக் உடனே அடைத்தது. 2019இல், வீட்டில் இருந்தபடியே போக்கிமொன் பிடிக்கும் மொட்டைச் செய்த குழு மீது நயான்ரிக் நிறுவனம் வழக்கு வைத்தது. 2021இல் அக்குழு 5 மில்லியன் அமெரிக்க டொலருக்கு இணங்கியது. கனடாவிலும் காற்று மாறிவிட்டது. 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, மின்னணுப் பூட்டை உடைப்பதே தடைசெய்யப்பட்டது. 1991இல் நின்ரெண்டோவுக்குத் தடை தர மறுத்த அதே கூட்டாட்சி நீதிமன்றம், 2017இல் வாட்டர்லூவில் பூட்டுடைக்கும் கருவி விற்ற ஒரு கடைக்கு எதிராக நின்ரெண்டோவுக்கு ஏறத்தாழ 12.7 மில்லியன் டொலர் வழங்கியது.

இனி அந்தத் தாயாரின் கேள்வி. பொலிஸ் வருமோ? இந்த வழக்குகளெல்லாம் செய்பவர்கள் மீதும் விற்பவர்கள் மீதும் வந்தவை. விளையாடிய சிறுவன் ஒருவனைத் தேடிப் பொலிஸ் போனதாக நான் கேள்விப்படவில்லை. களவோ? சட்டப்படி பார்த்தால் சரியில்லை. ஆனால் நான் அவரைத் திரும்ப அழைத்தபோது கேட்ட முதற் கேள்வி வேறு. "அக்கா, அவன் அதை எந்தத் தொலைபேசியில போட்டிருக்கிறான்?"

"என்ர போனிலதான் தம்பி. வேற எங்க?"

அந்தத் தொலைபேசியில்தான் அவருடைய வங்கி இருக்கிறது. வேலை நேர அட்டவணை வருகிறது. வீட்டுக்காரருக்கு வாடகை போகிறது. தம்பியாருடைய அகதி விண்ணப்பத்துக்காகப் படம் பிடித்த பிறப்புச் சான்றிதழும் கடவுச்சீட்டும் அதிலேயே கிடக்கின்றன.

அன்று அவருக்குச் சொன்னவற்றை இங்கேயும் எழுதுகிறேன். முதலில் படங்களையும் குரற்செய்திகளையும் வேறிடத்தில் சேமியுங்கள், இதை நான் பிந்திப் படித்தேன். பிறகு மொட்டை அழியுங்கள். பார்வை குறைந்தவர்களுக்கு உதவ வைத்த 'அக்சஸிபிலிற்றி' என்ற பகுதிக்குள் போய், தெரியாத பெயர் ஏதும் அனுமதி பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். அந்த அனுமதி கிடைத்தால் உங்கள் திரையை வாசிக்கவும், உங்களுக்குப் பதிலாக அழுத்தவும் ஒரு செயலியால் முடியும். வங்கிக் கடவுச்சொல்லை வேறொரு கணனியிலிருந்து மாற்றுங்கள். சந்தேகம் இருந்தால் வங்கி அட்டையின் பின்னால் உள்ள இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள். தமிழில் பேச ஆள் கேட்டுப் பாருங்கள், சில வங்கிகளில் கிடைக்கும். முடிந்தால் பிள்ளைக்கு வங்கி இல்லாத, சிம் இல்லாத ஒரு பழைய தொலைபேசியை விளையாட்டுக்கென்று விடுங்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "அப்ப அவனுக்கு அந்தப் பத்து டொலரையே குடுத்திருக்கலாம் போல" என்றார். பின்னால் மகனின் குரல், "அம்மா, பத்து இல்ல, பன்னிரண்டு" என்று கேட்டது.